டின்னுக்குள் ஒரு கட்டைவிரல்

சனிக்கிழமை காலை. ஸ்டோர் வாசலில் சாக்கு விரித்து, அதன்மேல் அரிசி மூட்டையை நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள் பையும் கூடையுமாக வரிசையில் நிற்கிறார்கள். மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது நான். என் கையில் ஒரு பால் டின்.

கெட்டிப்பால் தீர்ந்த காலி டின்தான். மேல்மூடியை வெட்டி எடுத்து, விளிம்பைத் தட்டி மழுக்கியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் படியும் அதுதான், உழக்கும் அதுதான். குடும்பத்துக்கு இத்தனை டின் என்று ஆபீசில் சொல்லிவிடுவார்கள். நான் அளந்து போட வேண்டும்.

"லாபம்" என்று சொல்லி முதல் டின்னைக் கவிழ்ப்பேன். பிறகு "ரெண்டு, மூணு" என்று போகும். முதல் அளவை ஒன்று என்று சொல்லக் கூடாது என்பது ஊரிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த வழக்கம்.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் காலையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அரிசியின் வாசனை அல்ல, வரிசையில் நின்ற முகங்களும் அல்ல. டின்னின் உள்பக்கத் தகரம் என் வலது கட்டைவிரலில் பட்ட குளிர்ச்சிதான். அதைப் பற்றித்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத வேண்டும். எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அதனால்தான் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் கப்பல் பிரயாணத்தையே இழுத்துக்கொண்டிருந்தேன். கவனித்திருப்பீர்கள்.

முக்காலி என்னிடம் வந்த விதம்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டம் லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள். என் வீட்டுக்காரர் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கொட்டகையில் ஜெபம் நடத்துவதும் அவர்தான். வேதக்காரக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தோம். மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜோகூர் பாருவிலிருந்து ஐயர் ரயிலேறி வருவார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம்.

முதல் உலகச் சண்டை முடிந்த கையோடு அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரங்கூனிலிருந்து வர வேண்டிய மூட்டைகள் வரவில்லை. சயாமிலும் பூட்டிவிட்டார்கள் என்றார்கள். தோட்டத்தில் பாதி அரிசி, மீதிக்கு மரவள்ளிக் கிழங்கு என்று ஆனது. கிழங்கு தின்றுவிட்டுப் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பத்து மணிக்கெல்லாம் வயிறு கேட்க ஆரம்பித்துவிடும்.

அதுவரை அரிசி அளந்துகொண்டிருந்தவன், ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணியின் மச்சான். அவன் அளந்த அரிசி வீட்டுக்குப் போனால் குறைகிறது என்று பெண்கள் எல்லாரும் திரண்டு போய்த் துரை பங்களா முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். துரைக்குத் தமிழ் பாதி புரியும். யார் அளந்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"வாத்தியாரம்மா அளக்கட்டும் தொர. வேதக்காரவங்க, பொய் சொல்ல மாட்டாங்க" என்றாளாம் முனியம்மா.

முனியம்மா புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு லயத்து வரிசை வீட்டில் இருந்தவள். ரப்பர் ஷீட் உருட்டுகிற மிஷினில் வலது கையின் கட்டைவிரலையும் கொடுத்துவிட்டவள். அந்தக் கையோடேயே பால் வாளியைத் தூக்கி வேலை செய்துகொண்டிருந்தாள். என்னிடம் அவள் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் துரை முன்னால் என் பெயரைச் சொன்னாள் என்று கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்காருவதற்கு முக்காலியை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போனேன்.

அடிச்சாக்கு

அளப்பதற்குக் கூலி கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆளுக்கும் அளந்த பிறகு மூட்டையின் அடியில் மிஞ்சுகிற அரிசி அளந்தவருக்கு. சிந்தும், சிதறும் என்று ஸ்டோரில் கொஞ்சம் கூட்டிப் போட்டுத்தான் மூட்டையைக் கொடுப்பார்கள். அந்த மிச்சத்துக்கு அடிச்சாக்கு என்று பெயர். அதை எடுத்துக்கொண்டு போவதில் யாருக்கும் வெட்கமில்லை.

முதல் வாரம் எனக்கு ஒரு சின்னப் பானை நிறையக் கிடைத்தது. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம்தான், சிந்தாமல் சிதறாமல் இவ்வளவு கவனமாக அளக்கிறோமே, எப்படி இவ்வளவு மிஞ்சுகிறது என்று எனக்கே சந்தேகம் வந்து கையைப் பார்த்தேன்.

டின்னை மூட்டைக்குள் விட்டு அள்ளும்போது நாலு விரல் வெளியே இருந்தது. கட்டைவிரல் உள்ளே இருந்தது. விரல் இருக்கிற இடத்தில் அரிசி இருக்காது. ஒரு டின்னுக்கு ஒரு விரல் அரிசி என்றால், தோட்டம் முழுவதற்கும் அளந்து முடிக்கும்போது அது ஒரு பானை ஆகிவிடுகிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மூன்றாவது வாரம் வரை அது தெரியாமல் வைத்த விரல். நாலாவது வாரத்திலிருந்து தெரிந்தே வைத்தது. எடுத்துவிடலாம் என்று டின்னை மாற்றிப் பிடித்தேன். அடிச்சாக்கு குறைந்து போகுமே என்று ஓர் எண்ணம் வந்தது. விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. 'தானாக' என்று எழுதுகிறேன் பாருங்கள். இந்த வயதிலும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டினி கிடந்து செய்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்போது இரண்டே பேர். ஊரெல்லாம் கிழங்கு வேகும்போது எங்கள் குசினியில் அரிசிப் பானை கழுத்துவரை நிறைந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. மூடியைத் திறந்து பார்ப்பேன். கையை உள்ளே விட்டு அளைவேன். திரும்ப மூடிவிடுவேன்.

டிரஸரும் ஒரு கோழியும்

இந்த இடத்தில் எங்கள் டிரஸரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாக நடத்திய யாழ்ப்பாணத்துக்காரர் அவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர். வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் நடப்பார். சிரிக்க மாட்டார்.

முனியம்மாவின் விரல் நசுங்கினபோது அவர்தான் அதை எடுத்துக் கட்டுப் போட்டு, காய்ச்சல் வராமல் ஆற்றினார். புண் ஆறினதும் அவள் தன்னிடம் இருந்த ஒரே கோழியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டாள்.

"உனக்கு விரல் போனது காணாதே? கோழியும் போக வேணுமே? கொண்டு போ பிள்ளை. என்னைக் கேயாசி ஆக்கிப்போடாதை" என்றார் அவர்.

"கேயாசியா? அவரு எந்தத் தோட்டத்து டிரஸரு?" என்று கேட்டாளாம் முனியம்மா.

வேதத்தில் வருகிற கதை அது. எலிசா தீர்க்கதரிசி நாகமான் என்கிற படைத்தலைவனின் குஷ்டத்தைச் சுகமாக்கிவிட்டு, ஒரு காசும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு மனசு கேட்கவில்லை. ரதத்துக்குப் பின்னாலேயே ஓடி, எஜமான் கேட்டதாகப் பொய் சொல்லி, வெள்ளியும் துணியும் வாங்கி ஒளித்து வைக்கிறான். நாகமானை விட்ட குஷ்டம் கேயாசியைப் பிடித்துக்கொள்கிறது.

கோழிக்கு இந்தக் கதை தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் தீனி கண்டுவிட்டதால் அது திரும்பத் திரும்ப அங்கேயே போனது. டிரஸர் ஒவ்வொரு தடவையும் ஆள் விட்டு அதை லயத்துக்கு அனுப்பினார். அது மருந்துப் பெட்டிக்குப் பின்னால் முட்டை வைத்தபோது முட்டையையும் காகிதத்தில் சுற்றி அனுப்பினார். நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். "ஒரு கோழிக்கு இவ்வளவு வேதமா?" என்று அவர் காது படவே கேட்டிருக்கிறேன். அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டுப் போனார்.

பிடியரிசி

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சபைப் பானையில் போடுவோம். அதற்குப் பிடியரிசி என்று பெயர். பானை எங்கள் வீட்டில் இருந்தது. லயத்தில் யாருக்காவது நோவு என்றாலோ, பச்சைப்பிள்ளைக்காரிக்குக் கஞ்சிக்கு இல்லை என்றாலோ அதிலிருந்து கொடுப்போம். வேதக்காரர், கோயில்காரர் என்று பார்ப்பதில்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில் பிடி சிறுத்துவிட்டது. நாலு விரலால் எடுத்த கைப்பிடி மூன்று விரலுக்கு இறங்கியது. அப்போதும் பானை மட்டும் நிறைந்துகொண்டே வந்தது, ஏனென்றால் நான் அடிச்சாக்கு அரிசியில் பாதியை அதில் கொட்டினேன். கர்த்தருக்குப் பாதி, எனக்குப் பாதி. அப்படிப் பிரித்ததில் எனக்குக் கொஞ்சம் புண்ணியம்கூடச் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டேன்.

செய்தி ஐயர் காது வரைக்கும் போய்விட்டது. இந்தப் பஞ்சத்திலும் நிரம்பி வழிகிற பானையைப் பற்றி அடுத்த தடவை வரும்போது பிரசங்கத்தில் சொல்லப்போவதாகவும், சபைப் பத்திரிகைக்கும் எழுதப்போவதாகவும் கடிதம் போட்டிருந்தார். என் பெயர் அச்சில் வரும். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஐயர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பெண்களுக்குப் பாடம் எடுக்கிற முறை எனக்கு. அனனியா, சப்பீராள் கதை. புருஷனும் பெண்சாதியும் நிலத்தை விற்றுச் சபைக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்தது பாதி, முழுவதும் கொடுத்ததாகச் சொன்னது பொய். இருவரும் அப்போஸ்தலர் காலடியில் செத்து விழுகிறார்கள். நான் அதை நன்றாகவே நடத்தினேன். சப்பீராள் விழுகிற இடத்தில் பாய்மேல் கையால் பட்டென்று அடித்துக்கூடக் காட்டினேன்.

முனியம்மா கேட்டது

அதே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியம்மா குசினி வாசலுக்கு வந்தாள்.

"நேத்து வாங்கின அரிசி வியாழக்கெழம வரைக்கும்தாம்மா வரும். இவனுக்குக் கெழங்கு ஒத்துக்கல."

"அதுக்கென்ன முனியம்மா, பானையில இருக்கு" என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கேட்பதும் நான் கொடுப்பதும் அது மூன்றாவது வாரம்.

"நீங்க நல்லா இருக்கணும்மா. நீங்க இல்லாட்டி எங்க கதி என்னா" என்றாள்.

ஸ்டோர் டின்னை நான்தான் வீட்டில் பத்திரப்படுத்துவேன். அதை எடுத்துப் பானைக்குள் விட்டு அள்ளினேன். அவள் கிண்ணத்தை நீட்டியபடி என் கையைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இதுக்காவது கட்டவெரல வெளிய எடுத்துட்டு அளங்கம்மா."

எனக்கு டின்னைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்மா. வரிசையில நிக்கிறவ வேற எதப் பாப்பா? டின்னத்தான் பாப்பா."

"பின்னே ஏன் யாரும் சொல்லல?"

"முன்ன அளந்தவன் நாலு வெரலையும் உள்ள விட்டு அளந்தான். நீங்க ஒண்ணுதான வைக்கிறீங்க. நல்லவங்கன்னு விட்டுட்டோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண்கள் எனக்கு ஒரு விரலைத் தள்ளிக் கொடுத்து என்னை நல்லவள் என்று முடிவு செய்திருந்தார்கள். சனிக்கிழமை அவள் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்த அரிசியைத்தான் ஞாயிற்றுக்கிழமை தர்மமாகக் கொடுத்து, அதற்கு வாழ்த்தும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய கிண்ணத்தை நிரப்பினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

புட்டுத் தட்டுக்கு முன்னால்

வீட்டுக்காரர் அப்போதுதான் புட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏ எஸ்தரு, இதுவும் அந்த அரிசிதானா?"

"ஆமா."

விரலில் ஒட்டிய புட்டைத் தட்டில் உதறினார். பிறகு மெதுவாக, "இனிமே விரலை வெளிய வச்சு அளந்தாப் போதாதா? தொர காதுக்குப் போச்சுன்னா பள்ளிக்கூடமும் போச்சு, வீடும் போச்சு. நாம எங்க போக?" என்றார்.

அவர் பயந்தது நியாயம்தான். வீடு தோட்டத்தினுடையது. சம்பளமும் தோட்டத்தினுடையது. ஊரில் எங்களுக்கு நிலமோ வீடோ கிடையாது. விரலை எடுத்துவிட்டால் திருட்டு நின்றுவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அந்த வழி பிடித்துத்தான் இருந்தது. பத்திரிகையில் பெயரும் வந்துவிடும்.

"அனனியாவும் சப்பீராளும் இப்படித்தான் குசினியில உக்காந்து பேசியிருப்பாங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்த பிறகு பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் முடிவு வந்துவிட்டது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சரி, சொல்லிரு. நானும் பக்கத்துல வந்து நிக்கேன்."

அடுத்த சனிக்கிழமை

சபைப் பானையை நான் தூக்கிக்கொண்டேன். வீட்டுப் பானையை அவர் தூக்கிக்கொண்டார். சபைப் பெண்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவர்களுடைய பிடியும் அதில் கலந்து கிடந்தது, பிரித்தெடுக்க வழியில்லை. இரண்டு பானையையும் ஸ்டோர் மூட்டைக்குள் கவிழ்த்தோம். பிறகு வரிசையைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். இத்தனை வாரமாக விரலை உள்ளே வைத்துத்தான் அளந்தேன், தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அலமாக், வாத்தியாரம்மா அழுவுறாங்க" என்று மலாய்க்காரர்கள் மாதிரி ஆச்சரியப்பட்டாள் ஒருத்தி.

"ஒரு வெரலுக்கா இம்மாம் அழுக?" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இனிமே விரலை வெளிய வச்சு அளக்கறேன்" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்காரப் போனேன். ஒருத்தரும் பையை நீட்டவில்லை. அழுதுவிட்டால் முக்காலி என்னிடமே இருக்கும் என்று எனக்குள் எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அந்த நினைப்பு பொய்த்துப்போனதும் முக்காலியை விட்டு விலகினேன்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "முனியம்மா அளக்கட்டும். அவளுக்குத்தான் கட்டவெரலே கெடையாதே."

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். முனியம்மாவும் சிரித்தாள். வந்து முக்காலியில் உட்கார்ந்து, டின்னை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து மூட்டைக்குள் விட்டு எடுத்தாள். டின் விளிம்பு வரை வெள்ளையாக நிறைந்திருந்தது. "லாபம்" என்று கவிழ்த்தாள். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

கிராணி ஸ்டோர் கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் வரைக்கும் ஆபீஸ் பையன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தாலே வேலை நீக்கக் கடிதம்தானோ என்று வாசலுக்கு ஓடுவேன். ஒன்றும் வரவில்லை. என் ஒரு விரலைச் சொல்லப் போனால் மச்சானுடைய நாலு விரலும் வெளியே வரும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் வேலை தப்பியது என் யோக்கியத்தால் அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன்.

வரி வாங்குகிற சகேயு, எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்ததாக வேதத்தில் இருக்கிறது. எங்களால் அவ்வளவு முடியவில்லை. எங்கள் வீட்டு அரிசியில் பாதியை இரண்டு மாதம் மூட்டையிலேயே விட்டுவிட்டு வந்தோம். வாத்தியார் கிழங்கு தின்றுவிட்டுப் பாடம் நடத்தினார். ஏப்பத்தை அடக்க அவர் பட்ட பாட்டைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த இரண்டு மாதமும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். மூடியைத் திறந்து பார்க்க எனக்கு நிறைந்த பானை இல்லை, பார்க்கவும் தோன்றவில்லை.

ஐயர் திறந்த பானை

நான் சொன்னதற்கு மறுநாளே ஐயர் வந்துவிட்டார். ஜெபத்துக்கு முன்னால், கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்த சபைப் பானையின் மூடியை ஆசையாகத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. என் பக்கம் திரும்பினார். நான் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பத்திரிகைக்கு என்னம்மா எழுதறது?" என்று பாவமாகக் கேட்டார்.

டிரஸர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோழியைப் பற்றி இப்போது அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவர் பாயில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

அப்போது கொட்டகை வாசலில் முனியம்மா வந்து நின்றாள். அவள் எங்கள் ஜெபத்துக்கு வந்ததே இல்லை. உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றுகொண்டு, "வாத்தியாரம்மா, அந்தப் பானையக் கொஞ்சம் இங்க காட்டுங்க. நேத்து எல்லாருக்கும் டின்னு ரொம்பி வந்துச்சு, அதான்" என்றாள்.

பானையை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் பிடித்தேன். எங்கள் சபையில் எல்லாரும் பிடியரிசியை ஒரு கையால் அள்ளித்தான் போடுவோம். கட்டைவிரல் இல்லாத கையில் அரிசி நிற்காது. அதனால் முனியம்மா இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, அது நிறைய அரிசியை ஏந்திக்கொண்டு லயத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.